கற்பனைப் பறவை வரைவோம்: பிள்ளைகளும் பெற்றோரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட்டில் சனிக்கிழமை காலையில் கோயில் மண்டபத்தில் பிள்ளைகளுக்கு ஓவியம் சொல்லித் தருகிறேன். டவுனிலிருந்து சில பிள்ளைகள், சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து பல பிள்ளைகள். வயது ஆறிலிருந்து பன்னிரண்டு வரை. இப்போது போய்க்கொண்டிருப்பது ‘கற்பனைப் பறவை’ பாடம். வகுப்பு முடிந்ததும் வாசலில் நின்று பெற்றோர் கேட்பதும், வரையும்போது பிள்ளைகள் கேட்பதும் பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். அவற்றுக்கான பதில்களை இங்கே எழுதிவைக்கிறேன்.

கற்பனைப் பறவைதானே, மனதில் தோன்றியதை வரைந்தால் போதாதா? அதற்கு எதற்குப் பாடம்?

வெறும் தாளைக் கொடுத்து “மனதில் தோன்றுவதை வரை” என்று சொன்னால், பெரும்பாலான பிள்ளைகள் ஒரே பறவையைத்தான் வரைகிறார்கள். கைப்பேசியில் பார்த்த கார்ட்டூன் பறவை. பெரிய கண், குண்டு உடம்பு, இரண்டு குச்சிக் கால். அந்தப் பிள்ளைகளுக்குக் கற்பனை குறைவு என்று நான் நினைக்கவில்லை. வெறுங்கை முழம் போடுமா? கண் பார்த்துச் சேர்த்துவைத்த சரக்கு இருந்தால்தான் கற்பனை அதை எடுத்துக் கலக்க முடியும்.

நம் சிற்பிகள் செய்ததும் அதுதான். பன்னிரண்டாம் நூற்றாண்டில் இரண்டாம் ராஜராஜன் கட்டிய தாராசுரம் கோயிலில் காளையும் யானையும் ஒரே தலையைப் பகிர்ந்துகொள்ளும் சிற்பம் இருக்கிறது. ஒரு பக்கத்து உடம்பை மறைத்துப் பார்த்தால் காளை, மறுபக்கத்தை மறைத்தால் யானை. காளையின் திமிலையும் யானையின் துதிக்கையையும் நன்றாகப் பார்த்தவன் கைதான் அதைச் செய்திருக்க முடியும். அதே கோயிலில் சரபமும் உண்டு. பாதி சிங்கம், பாதி பறவை. நம் வீட்டுப் படங்களில் வரும் காமதேனுவைப் பாருங்கள்: பசு உடம்பு, பெண் முகம், பறவை இறக்கை, மயில் தோகை.

இந்த நாட்டிலேயே இன்னொரு நல்ல உதாரணம் இருக்கிறது. சரவாக்கின் இபான் மக்கள் மரத்தில் செதுக்கும் கென்யாலாங், அதாவது இருவாட்சிப் பறவை. உண்மையான பறவைக்கு அலகின் மேல் கொம்பு போன்ற புடைப்பு ஒன்று மேல்நோக்கி வளைந்திருக்கும். செதுக்குகிறவர்கள் அந்த வளைவைப் பிடித்து, இன்னும் இன்னும் சுருட்டி, பெரிய சுருளாக்கிவிடுவார்கள். ஒரே ஒரு உறுப்பை மிகைப்படுத்தியதில் காட்டுப்பறவை தெய்வீகப் பறவையாகிவிடுகிறது.

எனவே என் வகுப்பில் ஒரு விதி: உடம்பு ஓரிடத்திலிருந்து, தலை ஓரிடத்திலிருந்து, வால் ஓரிடத்திலிருந்து. மூன்று இடங்கள், மூன்றும் பிள்ளை தன் கண்ணால் பார்த்ததாக இருக்க வேண்டும். மூன்றுக்கு மேல் போனால் படம் குழம்பிவிடும்.

எங்கள் வீட்டுப் பக்கம் காக்கையும் மைனாவும்தான் இருக்கின்றன. எதைப் பார்த்து வரைவது?

மைனாவே போதும். அதன் கண்ணைச் சுற்றியுள்ள மஞ்சள் தோலை எத்தனை பேர் கவனித்திருக்கிறோம்? ஆனால் தோட்டத்துப் பக்கம் இருப்பவர்களுக்கு இன்னும் நிறையக் கிடைக்கும். சாக்கடை ஓரக் கம்பியில் உட்கார்ந்திருக்கும் வெண்மார்பு மீன்கொத்தி: செம்பழுப்புத் தலை, வெள்ளைத் தொண்டை, பளிச்சென்ற நீல முதுகு, சிவப்பு அலகு. செம்பனைக்குள், அதாவது எண்ணெய்ப்பனைத் தோட்டத்துக்குள், திரியும் காட்டுக்கோழி. எலிகளைப் பிடிப்பதற்காகவே பல தோட்டங்களில் கம்பம் நட்டுப் பெட்டி வைத்து வளர்க்கும் கூகை. பக்கத்து வீட்டுச் சேவல், இதைவிடப் பொறுமையான மாடல் கிடைக்காது!

பேராக்கின் வடக்கே பெலும்-தெமெங்கோர் காடு இருக்கிறது. மலேசியாவில் உள்ள பத்து வகை இருவாட்சிகளும் அங்கே வாழ்கின்றன. அந்தப் பக்கம் போகிற குடும்பங்கள் பிள்ளைகளை அண்ணாந்து பார்க்கச் சொல்லுங்கள்.

பறவையின் உறுப்புக்குப் பறவையைத்தான் பார்க்க வேண்டும் என்றும் இல்லை. என் வகுப்பில் வாலுக்கு நான் முதலில் காட்டுவது செம்பனை மட்டை. நடுவில் தண்டு, இருபக்கமும் இலைகள். இறகும் அப்படித்தான்: நடுவில் தண்டு, இருபக்கமும் மெல்லிய இழைகள். தென்னை மட்டையையும் செம்பனை மட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்வேன். தென்னையின் இலைகள் ஒரே தளத்தில், சீவிவிட்டது போல ஒழுங்காக இருக்கும். செம்பனையின் இலைகள் தண்டிலிருந்து வேறு வேறு கோணங்களில் கிளம்பி, கலைந்து நிற்கும். சாந்தமான பறவைக்குத் தென்னை வால், முரட்டுப் பறவைக்குச் செம்பனை வால் என்று பிள்ளைகளே முடிவு செய்துகொள்கிறார்கள்.

சரி, படிப்படியாகச் சொல்லுங்கள். எங்கிருந்து தொடங்குவது?

உதாரணத்துக்கு ஒரு பறவையை எடுத்துக்கொள்வோம். உடம்பு சேவல், தலை கூகை, வால் செம்பனை மட்டை. நிறத்தை மீன்கொத்தியிடம் கடன் வாங்குவோம்.

ஏ4 தாளை நெடுவாக்கில் வையுங்கள். பென்சிலை நுனியிலிருந்து தள்ளிப் பிடித்து, தாளில் அழுத்தாமல், நடுவில் ஒரு முட்டை வரையுங்கள். பிள்ளையின் உள்ளங்கை அளவு இருந்தால் போதும். முட்டையின் அகன்ற பக்கம் மேலே, மார்பாக வரட்டும். குறுகிய பக்கம் கீழே சாய்ந்து வாலை நோக்கிப் போகட்டும். இந்தச் சாய்வில்தான் பறவையின் குணம் இருக்கிறது. முட்டை நிமிர்ந்தால் பறவை கம்பீரமாக நிற்கும். படுத்தால் வாத்து மாதிரி நடக்கும்.

அப்புறம் முட்டையின் மேல், கொஞ்சம் இடைவெளி விட்டு, தலைக்கு ஒரு வட்டம். கூகைத் தலை பெரியது என்பதால் முட்டையின் அகலத்தில் மூன்றில் இரண்டு பங்கு வைக்கலாம். வட்டத்தையும் முட்டையையும் இரண்டு வளைகோடுகளால் இணைத்தால் கழுத்து. கழுத்தை நேர்கோட்டில் இறக்காதீர்கள், முன்பக்கம் மெல்ல வெளியே வளையட்டும்.

முட்டையின் குறுகிய முனையிலிருந்து வாலுக்கு ஒரே ஒரு நீண்ட வளைகோடு. அதுதான் நடுத்தண்டு. இலைகளை இப்போதே போடக் கூடாது. பிள்ளைகள் அவசரப்படுகிற இடம் இது. வால் தாளுக்குள் அடங்குகிறதா, தலைக்கு மேல் இடம் இருக்கிறதா என்று இந்த நிலையில் பார்த்துவிட வேண்டும். தாள் போதாவிட்டால் இப்போது அழித்துத் திருப்பி வரைய ஒரு நிமிடம்கூட ஆகாது. வண்ணம் வரைக்கும் போய்விட்டால் அழுகைதான்.

முகத்துக்கு வருவோம். வட்டத்துக்குள் ஓர் இதய வடிவம். கூகையின் முகம் உண்மையிலேயே அப்படித்தான் இருக்கும். அந்த வடிவம் அழகுக்கு மட்டும் வந்ததில்லை, இருட்டில் எலியின் சத்தத்தைக் குவித்துக் காதுக்கு அனுப்புகிறது. பிள்ளைகளிடம் இதைச் சொன்னால், ‘என் பறவைக்கும் காது நல்லாக் கேட்கும்’ என்று அந்த இதயத்தை இன்னும் பெரிதாக வரைவார்கள். இதயத்துக்குள் இரண்டு கண்கள், இரண்டும் முன்பக்கம் பார்க்க வேண்டும். கூகையின் கண் கறுப்பு. ஒவ்வொரு கண்ணிலும் ஒரே பக்கமாக ஒரு சிறு புள்ளியை வெள்ளையாக விட்டுவிடுங்கள். அந்தப் புள்ளி விழுந்த நொடியில் பறவை நம்மைப் பார்க்கத் தொடங்கிவிடும். அலகு கண்களுக்கு நடுவே கீழ்நோக்கி இறங்கும். பாதி இறகுக்குள் புதைந்திருக்கும்.

பிறகு இறக்கை, கால், வால் இலைகள். இறக்கைக்கும் காலுக்கும் தனித்தனியாகப் பதில் எழுதியிருக்கிறேன். எல்லாம் அமைந்த பிறகுதான் அழுத்தமான கோடு. தேவையற்ற வட்டங்களை அழித்துவிட்டு வண்ணத்துக்குப் போகலாம்.

கால் வரைந்தால் மட்டும் மனிதக் கால் மாதிரி வருகிறது. ஏன்?

முழங்காலை நாம் நம் உடம்பில் இருக்கிற இடத்தில் வைத்துவிடுவதால்தான். கோழி நிற்கும்போது பின்பக்கம் மடிகிற மூட்டைப் பார்த்து ‘முழங்கால் திரும்பியிருக்கிறது’ என்று நினைக்கிறோம். அது முழங்காலே இல்லை, கணுக்கால். உண்மையான முழங்கால் வயிற்றோடு ஒட்டி இறகுக்குள் மறைந்திருக்கிறது. அதாவது கோழி எப்போதும் விரல் நுனியில்தான் நிற்கிறது. இதைச் சொல்லிவிட்டுப் பிள்ளைகளைக் குதிகாலைத் தூக்கி நிற்கச் சொன்னால் சட்டென்று விளங்கிக்கொள்வார்கள்.

வரைவது எப்படி? முட்டையின் அடியில் ஒரு குண்டான தொடை. அதிலிருந்து பின்பக்கமாகச் சாய்ந்து வரும் ஒரு சிறு கோடு கணுக்காலில் முடியும். அங்கிருந்து நேராகக் கீழே மெல்லிய கால். முன்னால் மூன்று விரல், பின்னால் ஒன்று. கிளி அல்லது மரங்கொத்தியின் காலைக் கடன் வாங்கினால் முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு.

பறவை விழுகிற மாதிரி தெரிந்தால், முட்டையின் நடுவிலிருந்து செங்குத்தாக ஒரு கோடு இறக்கிப் பாருங்கள். பாதம் அந்தக் கோட்டின் அடியில் வர வேண்டும். தள்ளி நின்றால் பறவை சாயும்.

இறக்கையை எப்படி வரைவது? எத்தனை இறகு போட வேண்டும்?

பிள்ளையை எழுந்து நின்று இரண்டு கைகளையும் விரிக்கச் சொல்லுங்கள். தோள், முழங்கை, மணிக்கட்டு. பறவையின் இறக்கைக்குள்ளும் இதே மூன்று மூட்டுகள்தான். விரித்த இறக்கையை வரைய இந்த மூன்று புள்ளிகளை வைத்து, தோளிலிருந்து முழங்கைக்கு ஒரு கோடு, முழங்கையிலிருந்து மணிக்கட்டுக்கு ஒரு கோடு, மணிக்கட்டிலிருந்து நுனிக்கு ஒரு கோடு போடுங்கள். இறக்கையின் எலும்பு கிடைத்துவிட்டது. மடித்த இறக்கை என்றால் அதே மூன்று கோடுகளையும் உடம்போடு ஒட்டி மடக்க வேண்டும். நுனி வாலைப் பார்த்துப் போகும்.

இறகுகளை எண்ணிப் போட வேண்டியதில்லை, ஆனால் வரிசை முக்கியம். தோளுக்குப் பக்கத்தில் சிறிய இறகுகள். அடுத்த வரிசை நடுத்தரம். கடைசி வரிசை நீளம். மணிக்கட்டுக்கு அப்பால் வருபவை எல்லாவற்றையும்விட நீளம். பெரும்பாலான பறவைகளுக்கு அந்த இடத்தில் ஒரு பக்கத்துக்குப் பத்து இறகுகள் இருக்கும், அதனால் எண்ணியே போடுவேன் என்கிற பிள்ளை பத்துப் போடலாம். ஓடு வேய்கிற மாதிரி ஒன்றின் மேல் ஒன்று படிய வேண்டும், எல்லா நுனியும் வாலைப் பார்க்க வேண்டும். மழை வழிந்து ஓட வேண்டும் இல்லையா? நுனிகள் தலையைப் பார்த்து நின்றால் தண்ணீர் உள்ளே போய்விடும்.

உடம்பு முழுக்க இறகு போடத் தொடங்கும் பிள்ளைகளை நான் நிறுத்திவிடுவேன். மார்பில் நான்கைந்து, கழுத்தில் நான்கைந்து, அவ்வளவுதான். மீதியைப் பார்க்கிறவர்களின் கண் நிரப்பிக்கொள்ளும்.

இரண்டு தலை வைக்கலாமா, டீச்சர்?

தாராளமாக. அண்டரண்டப் பட்சி என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். கண்டபேருண்டம் என்றும் சொல்வார்கள். இரண்டு தலைப் பறவை. கர்நாடக மாநிலத்தின் சின்னத்தில் அதைப் பார்க்கலாம். இரண்டு கழுத்தும் மார்பின் ஒரே இடத்திலிருந்து பிரிய வேண்டும் என்பதை மட்டும் கவனியுங்கள். ஆளுக்கொரு தோளிலிருந்து கிளம்பினால் ஒட்டவைத்தது போலத் தெரியும்.

பறவை யானையைவிடப் பெரியது என்று மகன் சொல்கிறான். படத்தில் கோழிக்குஞ்சு மாதிரி இருக்கிறது.

தலையைச் சிறியதாக்கச் சொல்லுங்கள், கண்ணை அதைவிடச் சிறியதாக்கச் சொல்லுங்கள். குஞ்சுகளுக்கு உடம்போடு ஒப்பிட்டால் தலையும் கண்ணும் பெரிதாக இருக்கும், அதனால்தான் பெரிய கண் போட்டால் எதுவும் குட்டியாகிவிடுகிறது. அப்புறம் காலடியில் அளவு தெரிகிற ஒரு பொருளை வையுங்கள். லயத்து வீடு, தண்ணீர்த் தொட்டி, கோயில் கோபுரம், எதுவானாலும் சரி. ஒரு பிள்ளை செம்பனை மரங்களைப் பறவையின் கணுக்கால் உயரத்துக்கு வரிசையாக வரைந்திருந்தாள். பறவையின் உடம்பில் ஒரு கோட்டையும் அவள் மாற்றவில்லை, ஆனால் அது மலை அளவுக்கு உயர்ந்துவிட்டது.

என்ன நிறம் கொடுப்பது? எல்லா நிறத்தையும் பூசி அழுக்காக்கிவிடுகிறாள்.

மூன்று நிறம் எடுக்கச் சொல்லுங்கள், மீதிப் பெட்டியை மூடிவிடுங்கள். மீன்கொத்தியிடம் பெரும்பாலும் இருப்பது நீலமும் செம்பழுப்பும் வெள்ளையும்தான், ஆனால் தூரத்திலேயே கண்ணைப் பறிக்கிறது. நீலமும் ஆரஞ்சு சார்ந்த நிறங்களும் வண்ணச் சக்கரத்தில் எதிரெதிரே இருப்பவை. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்றை ஒன்று தூக்கிவிடும். ஒன்றோடு ஒன்று குழைத்தால்தான் சேறாகும்.

வெளிர் நிறத்தை முதலில் பூசி, கருமையானதைப் பிறகு பூசுங்கள். வெள்ளை வேண்டிய இடத்தில் எதையும் பூசாமல் தாளை விட்டுவிடுங்கள். செம்பனை வாலுக்குப் பச்சை கொடுத்தால் பின்னணிக்குப் பச்சை வேண்டாம், வால் காணாமல் போய்விடும்.

கேட்டதும் பிள்ளைகள் வாயைப் பிளக்கிற ஒரு செய்தி: கென்யாலாங் இருவாட்சியின் கொம்பு வெள்ளையாகத்தான் வளர்கிறது. வாலடியில் உள்ள எண்ணெய்ச் சுரப்பியில் தேய்த்துத் தேய்த்து, பறவை தானே அதை ஆரஞ்சும் சிவப்புமாக்கிக்கொள்கிறது. பறவையே தனக்கு வண்ணம் பூசும்போது நாம் தயங்க வேண்டுமா?

சாமி வாகனத்தை எல்லாம் விளையாட்டாக வரையலாமா என்று வீட்டில் பாட்டி கேட்கிறார்.

பாட்டியின் தயக்கத்தை நான் மதிக்கிறேன். கருடனையோ மயிலையோ வாகனமாக வரைய விரும்பும் பிள்ளையை, பெரியவர்களிடம் அதன் கதையைக் கேட்டு வரச் சொல்வேன். கதை தெரிந்து வரைந்தால் அது விளையாட்டாகப் போகாது. கும்பாபிஷேகத்தன்று வானத்தில் கருடன் வட்டமிடுகிறதா என்று அண்ணாந்து பார்ப்போமே, அந்தச் செம்பருந்துதான் லங்காவியில் பெரிய சிலையாக நிற்பதும். வெள்ளைத் தலை, வெள்ளை மார்பு, செங்கல் நிற இறக்கை. பாட்டியையே கூப்பிட்டு அன்னம் பாலையும் நீரையும் பிரித்த கதையைச் சொல்லச் சொல்லுங்கள். நிலவொளியைக் குடித்து வாழும் சகோரப் பறவை, பிரிந்தால் உயிர் தரிக்காத அன்றில் என்று நம் பாட்டுகளில் இருக்கும் பறவைகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு படம் காத்திருக்கிறது. வகுப்புக்கு வரும் சீனப் பிள்ளை தன் வீட்டு ஃபீனிக்ஸ் பறவையைக் கொண்டுவருகிறான், அது பல பறவைகள் சேர்ந்த பறவை. எல்லாவற்றையும் ஒரே சுவரில் ஒட்டுகிறோம்.

நினைத்த மாதிரி வரவில்லை என்று என் மகள் தாளைக் கிழித்துப்போடுகிறாள்.

எட்டு, ஒன்பது வயதில் இது அதிகம் நடக்கும். அதற்கு முன்பு, தான் வரைந்தது பறவை என்று பிள்ளை சொன்னால் அது பறவை. இந்த வயதில் கண் முன்னால் போய்விடுகிறது, கை பின்னால் வருகிறது. எது சரியில்லை என்று பார்க்கத் தெரிந்துவிட்டது, சரிசெய்யத்தான் இன்னும் தெரியவில்லை. அது வளர்ச்சி. ஆனால் பிள்ளைக்கு அது வலி.

“அழகா இருக்கே” என்று சும்மா சொல்லாதீர்கள், அவளுக்கு அது பொய் என்று தெரியும். “எந்த இடம் பிடிக்கவில்லை?” என்று கேளுங்கள். கால் என்பாள், அல்லது அலகு என்பாள். அந்த ஒரு உறுப்பை மட்டும் வேறு தாளில், பெரிதாக, நான்கு விதமாக வரையச் சொல்லுங்கள். பிறகு பழைய படத்துக்குத் திரும்பலாம். தயவுசெய்து பென்சிலை வாங்கி அவள் தாளில் நீங்கள் திருத்தாதீர்கள். காட்டித்தான் ஆக வேண்டும் என்றால் உங்களுக்கு ஒரு தாள் எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து வரையுங்கள். இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. பெரியவர் கை பட்ட படம் அதற்குப் பிறகு பிள்ளையின் படமாக இருக்காது.

கைப்பேசியில் பார்த்து அப்படியே வரைவது தப்பா?

தப்பில்லை. பார்த்து வரைவதும் கைக்குப் பயிற்சிதான். வரைந்து முடித்ததும் மூன்றை மாற்றச் சொல்லுங்கள்: வேறு வால், வேறு கால், வேறு அலகு. மூன்றையும் வெளியே போய்ப் பார்த்துவிட்டு வந்து மாற்ற வேண்டும்.

நான்கு வயதுத் தம்பியும் வரைய வேண்டும் என்கிறான்.

அவனுக்கு முட்டை, வட்டம் எல்லாம் வேண்டாம். உள்ளங்கையில் வண்ணம் தடவித் தாளில் அழுத்தினால் விரல்கள் இறக்கையாகிவிடும். கண்ணை அவனே வைப்பான்.

இடது கைப் பிள்ளைக்கு ஏதாவது தனியாக?

வண்ணத்தை வலப்பக்கத்திலிருந்து தொடங்கட்டும், கை பட்டுக் கலையாது. அவளுக்கு எதிரே உட்கார்ந்து காட்டினால் பார்த்துச் செய்வது எளிது.

என்னென்ன வாங்க வேண்டும்?

2பி பென்சில், நல்ல அழிப்பான், மெழுகுக் கிரேயான் ஒரு பெட்டி. மலிவு விலைக் கடையில் கிடைப்பது போதும். நீர்வண்ணம் பூச ஆசைப்பட்டால் மட்டும் தடித்த வரைதாள் வாங்குங்கள், சாதாரணத் தாள் ஈரத்தில் நெளிந்துவிடும். கிரேயானால் இறகுக் கோடுகளைப் போட்டு மேலே நீர்வண்ணம் பூசினால் மெழுகு தண்ணீரைத் தள்ளிவிடும், கோடுகள் பளிச்சென்று நிற்கும். பிள்ளைகளுக்கு இது மந்திரம் மாதிரி.

ஓவியப் போட்டிக்குத் தயார் செய்வீர்களா?

இல்லை. போட்டிக்கு என்று வந்துவிட்டால் ஒரே படத்தை மனப்பாடம் செய்து வரைய வைக்க வேண்டியிருக்கிறது.

வரைந்த படங்களை எப்படிப் பத்திரப்படுத்துவது?

நம் ஊர்ப் புழுக்கத்தில் தாள் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், பூஞ்சை பிடிக்கும், ராமபாணப் பூச்சி அரிக்கும். கிரேயான் படங்களை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினால் ஒட்டிக்கொள்ளும், நடுவில் வெள்ளைத் தாள் வையுங்கள். சுவரோடு ஒட்டிய அலமாரியின் அடித்தட்டு வேண்டாம், மேல்தட்டில் வையுங்கள். பின்பக்கத்தில் தேதி, பிள்ளையின் வயது, எந்த மூன்று இடங்களிலிருந்து உறுப்புகளை எடுத்தது என்று பென்சிலால் எழுதச் சொல்லுங்கள். பேனா மை மறுபக்கம் ஊறும்.